முகத்தை மறைத்தோம், கையைக் காட்டினோம்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களை வைத்து வெப் சீரிஸ் எடுக்கிறார்களாம்.

"சார், நாங்க ஊருக்கே வரல. தோல் ஷெட்டு, பாலாறு, கம்பெனி எல்லாத்தையும் ஏஐயிலயே போட்டுட்டோம். உங்க ஊரு ஆளுங்க பேசுற மாதிரி ஒரு அரை மணி நேரம் பேசி அனுப்புனா போதும்" என்றார்.

சாம்பிளுக்கு ஒரு படமும் அனுப்பினார். அதில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி வாசலில் தென்னை மரங்கள். ஓரமாக ஒரு படகு.

"தம்பி, படகு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆறு இருக்கே சார்" என்றார்.

அந்த ஆற்றைச் செருப்புக்கூட நனையாமல் குறுக்கே நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். படகைப் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றவன். என்னை யாரும் வேலைக்கு நியமித்ததில்லை என்பதால் ஓய்வையும் யாரும் கொடுக்கவில்லை, முழங்கால்தான் கொடுத்தது. ஐம்பத்தெட்டு வயது. செய்த வேலைக்குப் பெயர் 'லோக்கல் கோஆர்டினேட்டர்'. வெளியூரிலிருந்து டாக்குமெண்டரிக்காரர்களோ சினிமாக்காரர்களோ ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வந்தால் வீடு பிடித்துக் கொடுப்பது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அனுமதி வாங்குவது, சோறு வாங்குவது. பிறகு வந்தவர்கள் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லும் குறைகளையும், ஊர்க்காரர்கள் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் குறைகளையும் ஒரே காதில் வாங்குவது. படத்தின் கடைசியில் நன்றிப் பட்டியலில் என் பெயர் வரும். பெரும்பாலும் பிரியாணிக் கடையின் பெயருக்குக் கீழே.

வேலூரில் ஊடகம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் கல்லூரி மலருக்கு எழுதிக் கேட்டார்கள். "உங்க சாதனைங்களச் சொல்லுங்க சார்" என்றார்கள். சாதனை கைவசம் இல்லை. எரிச்சல் நிறைய இருக்கிறது, அதைத் தருகிறேன்.

தொழில் கற்றது கல்யாண வீடியோவில். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தாலி கட்டும்போது கேமரா ஓடவேண்டும், சாப்பிடும்போது ஓடக்கூடாது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வாணியம்பாடியில் நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கத்தை எடுக்க ஆண் போகக்கூடாது. என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். ஒரே வருடத்தில் அவள் எடுப்பதுதான் வீடியோ, நான் எடுப்பது பந்தல் என்று ஆகிவிட்டது. கேசட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் பெண்ணின் அம்மாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவாள். "இது வேணா, அது வேணா" என்று அந்த அம்மா சொல்லுவதையெல்லாம் வெட்டிய பிறகுதான் கேசட் வெளியே போகும். பின்னாளில் பெரிய பெரிய இயக்குநர்களிடம் நான் சண்டை போட்டதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

சமூகப் போராட்டத்தைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு நம் ஊரில் முதலில் வேண்டியது நுரை. ஆற்றில் கழிவு நுரை. இறங்கியவுடனே "நுரை எங்க சார்?" என்பார்கள். நுரை உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இவர்கள் வரும் தேதியைப் பார்த்துப் பொங்குவதில்லை. ஒரு இயக்குநர் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, "சோப்புத்தூள் கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். "சார், நிஜமாவே கெட்டுப்போன ஆறு. அதுக்கு மேக்கப் போடணுமா?" என்றேன். அவர் என்னை யதார்த்தம் புரியாதவன் என்று நினைத்திருக்கவேண்டும். அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை.

கதைப்படக்காரர்கள் இன்னொரு ரகம். ஒரு சீரிஸுக்குக் கூட்டத்தில் நிற்க ஷூ கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்கள். தலை நிறையப் பூ, இஸ்திரி போட்ட புடவை, தோளில் ஹேண்ட்பேக். உடை உதவியாளர் பார்த்துவிட்டு மயங்காத குறை. ஒரு தட்டில் கரித்தூளைக் கொண்டுவந்து ஒவ்வொருத்தர் கன்னத்திலும் தடவ ஆரம்பித்தார்.

"இன்னா இது?" என்றார் முதல் வரிசையில் நின்ற ரோசி அக்கா. ஷூ கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டு அப்போதுதான் வேலையை விட்டு நின்றவர்.

"நீங்க ஏழைத் தொழிலாளிங்கம்மா" என்றார் உதவியாளர்.

"அது எங்களுக்குத் தெரியும். அதுக்கு ஏன் மூஞ்ச கழுவாம வரணும்? நாங்க வேலைக்கே பவுடர் போட்டுக்கினுதான் போவோம். வோணும்னா ஒங்க ஹீரோயினுக்குப் பூசு."

கதாநாயகிக்கு ஏற்கனவே பூசியிருந்தார்கள். அந்தப் படத்தில் வில்லன் ஒரு செல்போன் செயலி. தொழிலாளிகள் அதைப் பார்த்ததும் அலறி ஓடவேண்டும். நாற்பது பேரும் அதுவரை தங்கள் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகட்டும். இந்த வேலையில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். யாரையாவது கேமரா முன்னால் பேச வைக்குமுன் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும். அதை முதலில் அப்படியே தமிழில் படித்துச் சொல்வேன். யாருக்கும் புரியாது, எனக்கும்தான். பிறகு நம் பேச்சில் சொல்வேன். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். கடைசியாக ஒரு கேள்வி: "இத யாரு பாத்தா ஒனக்குப் பேஜாரு?"

படிவத்தில் இல்லாத கேள்வி. ஆனால் இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் முகத்தைக் காட்டுவதா, நிழலில் வைப்பதா, வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வேன். படம் முடிந்ததும், வெளியே போவதற்கு முன்னால், அவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டவேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால்தான் வருவேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். நான் ஞாபகப்படுத்துவேன். அதனால்தான் பிரியாணிக் கடைக்குக் கீழே பெயர்.

இப்போது நந்தினி மேடம்.

சென்னைக்காரர், நாற்பது வயது, வெளிநாட்டில் படித்தவர். தொழிற்சாலைகளில் புதிதாக வரும் இயந்திரங்கள் பெண் தொழிலாளிகளை என்ன செய்கின்றன என்று ஒரு டாக்குமெண்டரி எடுக்க வந்தார். நான் பார்த்த இயக்குநர்களில் இவர்தான் கெட்டிக்காரர். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் காதைக் கிட்டே கொண்டுபோகவேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் சாமான் ஒன்றையும் தொட்டு நகர்த்தமாட்டார். பிளாஸ்டிக் குடம் இருந்தால் இருக்கட்டும் என்பார். இதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. முடியாது என்ற வார்த்தை அவரிடம் கிடையாது. "பாக்கலாம் சார்" என்பார். அதை உடனே சொன்னால் நடக்காது என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்துச் சொன்னால் தன் இஷ்டப்படிதான் செய்யப்போகிறார் என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் மட்டும் உண்மையாகவே பார்ப்பார். ஏழு மாதத்தில் கண்ணாடி இரண்டு முறை கழன்றது.

பேட்டி முடிந்தாலும் 'கட்' சொல்லமாட்டார். நோட்டுப் புத்தகத்தை மூடுவார், பென்சிலைச் சொருகுவார், தண்ணீர் குடிப்பார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு ஏதோ சொல்வார் பாருங்கள், அதற்காகத்தான் அந்தத் தண்ணீர். திறமைதான். எனக்குப் பிக்பாக்கெட்டையும் ஞாபகப்படுத்தும்.

அவருக்காக நான் பிடித்துக் கொடுத்த ஆள் செல்வி. மாதனூர்ப் பக்கத்துக் கிராமம், முப்பத்தாறு வயது. ஷூவின் மேல்தோலில் ஓரத்துக்குப் பசை தடவி, மடித்து, கருங்கல் பலகையில் வைத்துச் சின்ன சுத்தியால் தட்டும் வேலை. பதினாலு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தார். செல்வியின் கம்பெனியில் பாத்ரூம் போக முன்பெல்லாம் வரிசைக்கு இரண்டு கட்டை டோக்கன். அவசரம் என்றால் பக்கத்தில் இருப்பவள் தன் முறையை விட்டுக் கொடுப்பாள். பிறகு ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். போகும்போது ஒரு மெஷினில் தொடவேண்டும், வரும்போது தொடவேண்டும். நேரம் தாண்டினால் மேலே தொங்கும் டிவியில் அந்த வரிசையின் பெயர் சிவப்பாகிவிடும். சிவந்த வரிசைக்கு அன்றைக்கு டார்கெட் கூடும். நியாயம் பேசுவதற்கு எதிரில் ஆளே இல்லை. மேலே ஒரு டிவிதான்.

செல்வி பேச ஒத்துக்கொண்டது கம்பெனியைத் திட்டுவதற்காக அல்ல. அவர் வரிசையில் யாஸ்மின் என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஆறு மாத கர்ப்பம். அடிக்கடி எழுந்து போவாள், டிவி சிவக்கும். ஒருநாள் அவள் எழுந்தபோது வரிசையே கேட்கிற மாதிரி ஒரு குரல், "இன்னொரு தபா போனா அங்கியே குந்திக்க, இங்க வராத" என்றது. யாஸ்மின் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்ட் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது புடவை நனைந்திருந்தது. ஏப்ரனைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆறே மாதத்தில் வேலைக்கும் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று வரிசையில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

"அது நான்தாண்ணே" என்றார் செல்வி. "திட்டுனது நானு. அத நான் சொல்லியே ஆவணும். ஆனா வேல போவக்கூடாது. பொண்ணு இப்பதான் நர்சிங் சேர்ந்துக்குது."

"யாரு பாத்தா பேஜாரு?"

"ஃப்ளோர் மேனேஜரு. அப்புறம் எங்க மாமியாரு."

"மாமியார் என்ன பண்ணுவாங்க?"

"அவங்க மெமோ குடுக்கமாட்டாங்க. அத வுடுங்க, மேனேஜர மட்டும் பாருங்க."

முகம் தெரியாது, குரலை மாற்றிவிடுவோம் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். கம்பெனிக்குள் கேமரா போகமுடியாது என்பதால் என் வீட்டு முன்னறையிலேயே எடுத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்தியாயிற்று. பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யவேண்டும். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது தேவைப்படும். ஆம்பூரில் வெறும் சத்தம் என்று ஒன்று கிடையாது. ரயில் போனால் குக்கர், குக்கர் அடங்கினால் மசூதிப் பாங்கு, பாங்கு முடிந்தால் எதிர்வீட்டு மிக்ஸி. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் தெருவில் நின்று கும்பிட்டதைப் பார்த்து, நான் தேர்தலில் நிற்கப்போவதாகக்கூடப் பேசிக்கொண்டார்கள்.

முதல் வாரம் செல்விக்குப் பேச்சே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. "செல்வி, நீ அடுத்த வாரம் சுத்தி, பலகை, நாலு தோல் துண்டு எடுத்துக்கினு வா. வேல செஞ்சுக்கினே பேசு."

கை ஓடியதும் வாய் ஓடியது. நந்தினி மேடம் கேமராவைச் செல்வியின் கைக்குக் கிட்டே இறக்கினார். முகத்தைக் காட்ட முடியாதபோது டாக்குமெண்டரிக்காரர்கள் எல்லோரும் காட்டுவது கையைத்தான். கை பத்திரம், கை அழகு, கை விருதும் வாங்கித் தரும். மேடம் என் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினார். "இதான் சார் படம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்குப் பிரியாணி இரண்டாவது முறை வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, எடிட் செய்த படத்தை இணைப்பாக அனுப்பினார்கள். செல்வியின் முகம் புகை மூட்டமாக இருந்தது. குரலைக் கணினியில் கனமாக்கியிருந்தார்கள். ஸ்டெல்லாவிடம் காட்டி "யாருன்னு தெரியுதா?" என்றேன். மூன்று ஞாயிறும் செல்விக்குச் சோறு போட்டவள். "தெரியலயே" என்றாள். திருப்தியோடு செல்வியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

பத்து நொடி பார்த்திருப்பார். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் போச்சு."

"மூஞ்சிதான் தெரியலயே செல்வி?"

"மூஞ்சிய யாருண்ணே அங்க பாக்குறாங்க? சூப்ரவைசரு பதினாலு வருஷமா என் கையத்தான் பாக்குறான். எனக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னு அவனக் கேளுங்க, முழிப்பான். இந்த நகத்தக் கேளுங்க, தேதியோட சொல்லுவான்."

அவர் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கும். தையல் மெஷின் ஊசி ஏறியது. பசை படாமலிருக்கப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள்; பெரும்பாலானவர்கள் மருந்துக்கடை பிளாஸ்திரி. செல்வி சுற்றுவது மகளின் பழைய யூனிஃபார்ம் துணியை, நீலக்கட்டம். போதாதற்குத் தட்டுகிற விதம். இரண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. படத்தில் அது தாளம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. குரலை மாற்றினார்கள், சுத்தியை மாற்றவில்லை.

என் அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் குனிந்து நிற்பவர்களை எங்கள் தெருவில் கையை வைத்தே அடையாளம் சொல்வார்கள். அந்தத் தெருவில் பிறந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊரை விளக்கிச் சொல்லிப் பிழைத்த நான்தான், "சுத்தியோடு வா" என்று சொன்னவன். இந்தத் தப்பைச் சென்னைக்காரர் செய்தால் மன்னிக்கலாம்.

மேடத்துக்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டார். "பாக்கலாம் சார்." உடனே சொன்னார்.

"பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். கைய எடுத்துடுங்க."

"கைய எடுத்துட்டா படத்துல என்ன சார் இருக்கு? அவங்க சைன் பண்ணிருக்காங்க."

"சைன் பண்ண கையத்தான் எடுக்கச் சொல்றாங்க."

குரல் இறங்கியது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். திரைப்பட விழாவுக்கு அனுப்ப இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றும், தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்றும், நகத்தையும் துணியையும் மென்பொருளில் மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். மாற்றி அனுப்பினார்கள். நகம் பளபளவென்று ஆகிவிட்டது. சில இடங்களில் விரல் வாழைக்காய் மாதிரி வீங்கியது. ஒரு இடத்தில் ஆறு விரல். இயந்திரம் மனுஷியை என்ன பாடு படுத்துகிறது என்ற படத்துக்கு அது பொருத்தமான காட்சிதான். ஆனால் சுத்தி அப்படியே தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது.

செல்விதான் வழி சொன்னார். "வேலய வுட்டு நின்னவங்க கையப் படம் புடிங்கண்ணே. அவங்கள யாரு இன்னா பண்ணமுடியும்?"

இதை மேடத்திடம் சொன்னேன். "வர்றேன் சார்" என்றார். போனில் கண்ணாடி தெரியாது; கழற்றியிருக்கவேண்டும்.

செல்வியின் கம்பெனியை விட்டு நின்ற, அன்று கரித்தூளுக்குச் சண்டை போட்ட ரோசி அக்கா வந்தார். வாணியம்பாடியிலிருந்து ஷகிலா ஆப்பா வந்தார்; ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. அதே கம்பெனியை விட்டுத் துணி தைக்கப் போனவர். இன்னும் இரண்டு பேர். எல்லோரும் அவரவர் சுத்தியோடு வந்தார்கள். வேலையை விட்டு வருடக்கணக்கானாலும் சுத்தியை யாரும் தூக்கிப்போடவில்லை, தேங்காய் உடைக்கிறார்களாம். செல்வியையும் சேர்த்து ஐந்து பேர் ஒரு அறையில் கூடினால் என்ன ஆகும்? ரோசி அக்கா தட்டுவதைப் பார்த்து ஷகிலா ஆப்பா, "அடியே, தோலு செத்துப் பத்து வருஷமாச்சு. மறுபடி ஏன் கொல்ற?" என்றார். "நீ தைச்ச ஜாக்கெட்டுல கை நுழையலன்னு ஒங்க தெருவே சொல்லுது, நீ பேசுற" என்றார் ரோசி அக்கா. ஒரு நிமிட மௌனத்தை எடுக்க நாலு முறை முயன்று, சிரிப்புத்தான் பதிவானது.

செல்வி கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எங்கே மடிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நந்தினி மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொன்னபடி கேமராவை நகர்த்தினார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. குரலும் சந்தேகம்தான் என்று செல்வி சொன்னதால், சென்னையில் ஒரு டப்பிங் கலைஞரை வைத்து மறுபடி பேச வைப்பதாக முடிவானது. "யாரோ பேசட்டும். சொல்லவேண்டியதச் சொன்னா சரி" என்றார் செல்வி.

படம் விழாக்களுக்குப் போயிற்று. 'தனி மனுஷியின் கையைக் கூட்டத்தின் கையாக்கிய துணிச்சல்' என்று எங்கோ பாராட்டினார்களாம். துணிச்சல் இல்லை, பயம். ஆனால் பயத்துக்கு விருது கொடுக்கும் வழக்கம் இல்லை. நன்றிப் பட்டியலில் நான் இருந்தேன். பிரியாணிக் கடையும் இருந்தது, மேலே.

பிறகு படத்தை இணையத்தில் போட்டார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சிரிப்பு.

"அண்ணே, கம்பெனியில படத்தப் போட்டுப் பாத்துட்டாங்க. சூப்ரவைசருங்க எல்லாரையும் ஆபீசுல குந்தவெச்சி, யாரு கைன்னு கேட்டிருக்காங்க. எங்க ஆளு டக்கு டக்குனு சொல்லிட்டானாம். இது ரோசி, நின்னு போச்சு. இது ஷகிலா, நின்னு போச்சு. ஒண்ணுகூடத் தப்பில்ல. மேனேஜரு தலையில கைய வெச்சிக்கினாராம்."

"ஒம் பேரு?"

"என் பேச்சே வரல."

ஸ்டெல்லா டீ கொண்டுவந்தாள். செல்வி முழுப்படத்தை இன்னும் பார்த்திருக்கவில்லை; விழா அவசரத்தில் என் முறையை நானே விட்டிருந்தேன். என் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். அசையாமல் பார்த்தார். யாஸ்மின் பகுதி வந்தது. பெயர் இல்லாமல், 'ஒரு பெண்' என்று. டப்பிங் குரல் தழுதழுத்தது. இடையிடையே நின்று விசும்பியது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றது வரை சொன்னது. அடுத்து ஒரு வயலின். அடுத்து ஏலகிரி மலைமேல் மேகம்.

செல்வி திரும்ப ஓட்டினார். மறுபடி பார்த்தார். "நான் திட்டுனது எங்கண்ணே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. செல்வியை மறைப்பதற்கு அவ்வளவு பாடுபட்ட நான், படத்தின் கடைசி வடிவத்தில் கையை மட்டும்தான் பார்த்திருந்தேன். அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டேன். நீளம் கருதி எடுத்தது என்றார். பாதிக்கப்பட்ட தொழிலாளியே இன்னொருத்தியைத் திட்டினார் என்றால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருகிறது என்று விழாக்காரர்கள் சொன்னதாகவும் சொன்னார். குரல் ரொம்பவே இறங்கியிருந்தது; கோபம் இல்லை என்று நினைக்கிறேன். "மறுபடி சேக்க முடியுமா?" என்றேன். "பாக்கலாம் சார்." உடனே வந்தது.

போனை வைத்தபோது, செல்வி டேப்லெட்டின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி ஓடவிட்டிருந்தார். ரோசி அக்காவின் கை சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே செல்வி பேசினார். விசும்பல் இல்லை. காய்கறிக்காரரிடம் சண்டை போடுகிற வேகம்.

"அவ எழுந்தா. டிவி செவந்துது. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. இன்னொரு தபா போனா அங்கியே குந்திக்கன்னு நான்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல. நானு. கட்டை டோக்கன் இருந்தப்ப என் மொறையத் தூக்கிக் குடுத்தவதான் நானு. அவ்ளோதான்."

தெருவில் மிக்ஸிகூட ஓடவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்ய ஆளில்லை.

"யாஸ்மினு இந்தப் படத்தப் பாத்துட்டாளா?" என்று ஸ்டெல்லாதான் கேட்டாள்.

"பாத்துட்டாக்கா. நல்லாக்குதுன்னா." செல்வி டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். "கம்பெனி பஸ்ஸுல தெனம் என் பக்கத்துலதான் குந்துறா. அவகிட்டதான் சொல்ல வோணும்னு இருந்தேன். வாய் வரல. படத்துல சொல்லிட்டா அவளே பாத்துப்பான்னு..."

அதாவது, ஏழு மாதம், இரண்டு கேமரா, ஒரு டிரோன், சென்னைக்கும் ஆம்பூருக்கும் பதினோரு கார்ப் பயணம், ஆறாவது விரல், வயலின். போய்ச்சேர வேண்டிய இடம் பஸ்ஸில் பக்கத்து சீட். இதை என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேனே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நான் முதல் நாள் கேட்டது, யார் பார்த்தால் பேஜார் என்று மட்டும்தான். யார் பார்க்கவேண்டும் என்று கேட்கவே இல்லை.

"நாளைக்குச் சொல்லிடுறேண்ணே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு மார்க்கெட்டில் பார்த்தேன். "சொல்லிட்டியா?" என்றேன்.

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"'அன்னிக்கே தெரியும்க்கா, ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா?'ன்னா. அப்புறம், 'நவுருங்க, இனிமே ஜன்னல் சீட்டு எனக்கு'ன்னு சொல்லிக் குந்திக்கினா."

"நீ?"

"நவுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, செல்வி வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.